உன் ஐபி என்னப்பா?: கிளஸ்டரில் சரியான முகவரியைப் பிடிப்பது எப்படி

மூன்று மெஷினைச் சேர்த்து ஒன்றாக வேலை செய்ய வைக்கும் ஒரு கிளஸ்டர் போடுகிறீர்கள். முதல் நோடு, அதாவது முதல் மெஷின், ஏறிவிட்டது. இரண்டாவதும் "சேர்ந்துவிட்டேன்" என்று லாக்கில் எழுதுகிறது. ஆனால் முதல் நோடிலிருந்து பார்த்தால் இரண்டாவது உயிரோடு இருப்பதாகவே தெரியவில்லை. பிங் போகிறது, எஸ்எஸ்எச் போகிறது, ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தாலும் அதே கதை. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு லாக்கின் ஏதோ ஒரு மூலையில் கண்ணில் படும்: அந்த இரண்டாவது நோடு தன் முகவரி 127.0.1.1 என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறது. 127-இல் தொடங்குவதெல்லாம் லூப்பேக், எந்த மெஷினில் கேட்டாலும் "நானேதான்" என்று பொருள். அதை நம்பிய மற்ற நோடுகள் எல்லாம் 127.0.1.1-க்குப் போய் தங்கள் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கின்றன.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. ஹடூப், ஸ்பார்க், பைடார்ச், ப்ராக்ஸ்மாக்ஸ் என்று எதை எடுத்தாலும் இந்த 127.0.1.1-இடம் அடி வாங்காதவர்கள் குறைவு. அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். "உன் ஐபி என்ன" என்பது பாதிக் கேள்வி. ஒரு சர்வருக்கு ஐந்தாறு முகவரி இருக்கும், எது சரி என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. "பக்கத்து நோடு உன்னிடம் வர வேண்டுமென்றால் எந்த முகவரிக்கு வர வேண்டும்" என்று கேட்டால்தான் கேள்வி முழுசாகும். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, கிடைத்த பதிலை எங்கே எழுதிவைப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே எழுதுகிறேன், டெர்மினலில் நீங்கள் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது

"ஐபி -பிஆர் ஏ" என்று அடியுங்கள். பிஆர் என்றால் ப்ரீஃப், ஒரு இன்டர்ஃபேஸுக்கு ஒரு வரி, கண்ணுக்கு இதம். ஐஎஃப்கான்ஃபிக் பழக்கம் விடவில்லை என்றால் உங்கள் இஷ்டம், ஆனால் பல புது டிஸ்ட்ரோக்களில் அது தனியாக நிறுவினால்தான் வரும்.

கொஞ்ச நாள் புழங்கிய ஒரு லினக்ஸ் சர்வரில் இதை அடித்தால் வருவது ஏறத்தாழ இப்படி இருக்கும். எல்ஓ-வில் 127.0.0.1. முதல் நெட்வொர்க் கார்டில் 192.168.10.11, அதுதான் நாம் எஸ்எஸ்எச் செய்கிற முகவரி. இரண்டாவது கார்டில் 10.20.0.11, ஸ்டோரேஜுக்கென்று தனியாக இழுத்த வேகமான கேபிள். அப்புறம் விர்பிஆர்0-வில் 192.168.122.1, இது விஎம் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) ஓட்ட உதவும் லிப்விர்ட்டை நிறுவியபோது தானாக முளைத்தது. டாக்கர்0-வில் 172.17.0.1. வயர்கார்ட் விபிஎன் போட்டிருந்தால் அதற்கும் ஒன்று. ஐபிவி6 இருந்தால் ஒவ்வொரு கார்டிலும் எஃப்இ80 என்று தொடங்கும் லிங்க்-லோக்கல் முகவரி ஒன்று நிச்சயம், மேலே இன்னும் இரண்டு மூன்று இருக்கலாம்.

இதில் விர்பிஆர்0-வையும் டாக்கர்0-வையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 192.168.122.1-ம் 172.17.0.1-ம் இயல்பாக எல்லா மெஷினிலும் அதே முகவரிதான். உங்கள் மூன்று நோடிலும் ஒரே முகவரி. பின்னால் வரும் ஒரு வில்லங்கத்துக்கு இதுதான் விதை.

ஹோஸ்ட்நேம் கட்டளையை ஏன் நம்பக்கூடாது

பாதி இன்ஸ்டால் ஸ்க்ரிப்டுகளில் முகவரி எடுக்க எழுதியிருப்பது "ஹோஸ்ட்நேம்" கட்டளைதான். அதில் சின்ன ஐ போட்டால் ஒரு பதில், பெரிய ஐ போட்டால் வேறு பதில், இரண்டும் இரண்டு விதத்தில் காலை வாரும்.

சின்ன ஐ செய்வது வெறும் பெயர்த் தேடல். மெஷினின் பெயரை எடுத்து, ஈடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைலிலோ டிஎன்எஸ்ஸிலோ தேடி, கிடைத்ததைச் சொல்லும். நெட்வொர்க் கார்டு பக்கமே அது போவதில்லை. டெபியன் இன்ஸ்டாலர், நிலையான ஐபி கொடுக்காத மெஷினில், அதன் பெயரை 127.0.1.1 என்று அந்த ஃபைலில் எழுதிவிடும். உபுண்டுவிலும் அதே வழக்கம். தன் பெயருக்கு ஒரு முகவரி கிடைக்காவிட்டால் தடுமாறும் சில மென்பொருட்களுக்காகச் செய்த ஏற்பாடு இது, லேப்டாப்பில் இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. கிளஸ்டரில் மட்டும் விஷம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே கட்டளை டாக்கர் கண்டெய்னருக்குள் அடித்தால் மிகச் சரியான பதில் தரும், ஏனென்றால் கண்டெய்னரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அதன் உண்மையான ஐபி-யை டாக்கரே எழுதி வைக்கிறது. அதனால் கண்டெய்னரில் சோதித்துப் பார்த்து "பிரமாதம்" என்று ஸ்க்ரிப்டை ஏற்றிவிடுவார்கள். அதே ஸ்க்ரிப்ட் நேரடி சர்வரில் ஓடும்போதுதான் 127.0.1.1 வந்து நிற்கும்.

பெரிய ஐ போட்டால் எல்லா இன்டர்ஃபேஸிலும் உள்ள எல்லா முகவரியையும் ஒரே வரியில் கொட்டும், லூப்பேக்கையும் லிங்க்-லோக்கலையும் மட்டும் விட்டுவிட்டு. அதில் முதலாவதை வெட்டி எடுத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். வரிசையை நம்பாதே என்று அந்தக் கட்டளையின் மேன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்! இன்றைக்கு முதலில் நிற்பது நாளைக்கு ஒரு விபிஎன் சேர்த்தாலோ கார்டு மாற்றினாலோ பின்னால் போய்விடலாம். கீப்அலைவ்டி போன்ற ஒன்று, ஒரு மெஷின் விழுந்தால் அடுத்ததற்குத் தாவும் மிதக்கும் விஐபி முகவரியை ஏற்றியிருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நோடு அந்த விஐபி-யைத் தன் சொந்த முகவரி என்று பதிவு செய்துவிட்டு, ஃபெயில்ஓவரில் அது அடுத்த மெஷினுக்குப் போனால், அடையாள அட்டையையே இன்னொருவரிடம் கொடுத்த மாதிரிதான்.

கர்னலிடம் கேளுங்கள்

நான் இப்போதெல்லாம் வேறு எதையும் அடிப்பதில்லை, இது ஒன்றுதான்: "ஐபி ரூட் கெட் 192.168.10.12". கடைசியில் வருவது பக்கத்து நோடின் முகவரி. பதிலாக ஒரு வரி வரும், அதில் டெவ் என்பதற்குப் பக்கத்தில் எந்தக் கார்டு வழியாகப் போகும், எஸ்ஆர்சி என்பதற்குப் பக்கத்தில் எந்த முகவரியிலிருந்து கிளம்பும் என்று இருக்கும். அந்த எஸ்ஆர்சி-தான் நமக்கு வேண்டியது. கர்னல் தன் ரூட்டிங் டேபிளைப் பார்த்துச் சொல்கிற பதில் இது, ஒரு பாக்கெட் கூட வெளியே போகாது. எதிர் மெஷின் அணைந்திருந்தாலும் பதில் வரும்.

இதே கட்டளையில் 10.20.0.12 என்று ஸ்டோரேஜ் பக்க முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், எஸ்ஆர்சி 10.20.0.11 என்று மாறும். 1.1.1.1 கொடுத்தால் இன்டர்நெட்டுக்குப் போகும் வழியில் எந்த முகவரி என்று வரும். ஒரே மெஷின், மூன்று கேள்வி, இரண்டு மூன்று விதமான பதில், எல்லாமே சரி.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நிறைய வழிகாட்டிகளில் 8.8.8.8-ஐக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஒரே கார்டு இருக்கிற மெஷினில் அது போதும். கிளஸ்டர் பேச்சு ஒரு கார்டிலும் இன்டர்நெட் இன்னொரு கார்டிலும் ஓடினால் 8.8.8.8 தருவது தப்பான பதில். எப்போதும் கிளஸ்டரின் இன்னொரு நோடின் முகவரியையே கொடுங்கள்.

ஸ்க்ரிப்டில் எடுக்க வேண்டுமென்றால் ஏடபிள்யூகே-யில் எட்டாவது வார்த்தை, ஒன்பதாவது வார்த்தை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் கேட்வே இருந்தால் "வியா" என்று இரண்டு வார்த்தை கூடும், ஒரே சப்நெட்டாக (ஒரே முகவரித் தொகுதியாக) இருந்தால் குறையும், எண்ணிக்கை தப்பும். "ஐபி -ஜே ரூட் கெட்" என்று ஜே சேர்த்தால் ஜேசனாகவே வரும், அதை ஜேசன் படிக்கும் ஜேக்யூ கருவியில் கொடுத்து முகவரியை உருவிக்கொள்ளலாம். சாதாரண வெளியீட்டில் எஸ்ஆர்சி என்று இருப்பது ஜேசனில் ப்ரெஃப்எஸ்ஆர்சி என்ற பெயரில் இருக்கும். இது தெரியாமல் "நல்" வருகிறதே என்று நான் கொஞ்ச நேரம் முழித்திருக்கிறேன்.

நிரலுக்குள்ளிருந்து கேட்க வேண்டுமா? யுடிபி சாக்கெட் ஒன்றைத் திறந்து, பக்கத்து நோடின் முகவரிக்கு கனெக்ட் அழைத்து, உடனே கெட்சாக்நேம் என்று கேளுங்கள். டிசிபி மாதிரி இதில் கைகுலுக்கல் கிடையாது, அதனால் கனெக்ட் என்றாலும் ஒன்றும் வெளியே போகாது, கர்னல் ரூட்டை மட்டும் முடிவு செய்து சாக்கெட்டில் குறித்துக்கொள்ளும். பைத்தானில் நான்கு வரி. பைத்தான் வேலையைப் பல மெஷினில் ஓட்டும் ரே போன்ற பெரிய திட்டங்களும் இந்த உத்தியைத்தான் வைத்திருக்கின்றன, ஆனால் இயல்பாக 8.8.8.8-ஐ நோக்கி, அதனால் மேலே சொன்ன எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும்.

வாசல் வேறு, விசிட்டிங் கார்டு வேறு

கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் பெரும்பாலான கருவிகளில் இரண்டு விதமான முகவரி கேட்பார்கள். ஒன்று பைண்ட் அல்லது லிசன், இன்னொன்று அட்வர்டைஸ், சில இடத்தில் பப்ளிஷ், சில இடத்தில் அனௌன்ஸ். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் போன நேரத்தைக் கணக்குப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் வரும்.

கடைக்கு நான்கு வாசல் இருக்கலாம். எந்தெந்த வாசலைத் திறந்து வைப்பது என்பது பைண்ட். விசிட்டிங் கார்டில் எந்தத் தெருப் பெயரைப் போடுவது என்பது அட்வர்டைஸ். 0.0.0.0 என்றால் "எல்லா வாசலையும் திற" என்று பொருள், பைண்டில் போடலாம். அதையே விசிட்டிங் கார்டில் போட்டால் வாங்கியவர் எந்தத் தெருவுக்கு வருவார்?

மெசேஜ்களைக் கடத்தும் காஃப்காவில் இது அப்பட்டமாகத் தெரியும். லிசனர்ஸ் என்பது வாசல், அட்வர்டைஸ்ட் லிசனர்ஸ் என்பது கார்டு. க்ளையன்ட் நீங்கள் கொடுத்த பூட்ஸ்ட்ராப் முகவரிக்கு வந்து முதல் பேச்சு பேசும், அப்போது காஃப்கா "இனிமேல் இந்த முகவரிக்கு வா" என்று கார்டை நீட்டும், அதன் பிறகு க்ளையன்ட் பழைய முகவரியை விட்டுவிட்டு அங்கேதான் போகும். கார்டில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் முதல் கனெக்ஷன் அழகாக நடந்து, அடுத்தது தொங்கும். "கனெக்ட் ஆகிறது, ஆனால் மெசேஜ் போகவில்லை" என்று யாராவது சொன்னால் நான் வேறு எதையும் கேட்பதில்லை, அந்த ஒரு வரியைக் காட்டச் சொல்கிறேன்.

ரெடிஸ் கிளஸ்டரை டாக்கருக்குள் வைத்தாலும் இதே கதைதான். கிளஸ்டர்-அனௌன்ஸ்-ஐபி என்று வெளியே தெரிய வேண்டிய முகவரியைத் தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் 172.17 முகவரியைக் கொடுத்து க்ளையன்டை அலையவிடும். கூடவே நோடுகள் தங்களுக்குள் பேசும் பஸ் போர்ட்டை மறக்காதீர்கள், இயல்பாக அது டேட்டா போர்ட்டோடு 10000 கூட்டியது, 6379 என்றால் 16379. தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் முதலில் லோக்கல்ஹோஸ்டில் மட்டும்தான் திறக்கும். நெட்வொர்க் ஹோஸ்டை உண்மையான முகவரிக்கு மாற்றிய நொடியிலிருந்து அது "இது விளையாட்டில்லை" என்று முடிவு செய்து பூட்ஸ்ட்ராப் சோதனைகளைக் கட்டாயமாக்கிவிடும், கர்னலின் மேக்ஸ் மேப் கவுண்ட் அமைப்பு 262144-க்குக் குறைவாக இருந்தால் ஏறவே ஏறாது என்று பலர் அலறுவது அந்த நிமிடத்தில்தான்.

கருவிகளில் எனக்கு மரியாதை வந்தது, எந்த சர்வீஸ் எங்கே இருக்கிறது என்று பதிவு வைக்கும் கன்சல் மேலேயும், டாக்கரின் கிளஸ்டர் வசதியான ஸ்வார்ம் மேலேயும். மெஷினில் தனியார் முகவரி ஒன்றுக்கு மேல் இருந்தால் கன்சல் யூகிக்காது, "பல முகவரி இருக்கிறது, எது என்று நீயே சொல்" என்று நின்றுவிடும். ஸ்வார்மும் அப்படித்தான், அட்வர்டைஸ்-அட்ரஸ் கொடுக்காமல் இனிட் செய்தால், பல கார்டு உள்ள மெஷினில் மறுத்துவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் தப்பாக யூகித்து இரண்டு வாரம் கழித்துக் கழுத்தை அறுப்பதற்கு இது எவ்வளவோ மேல். கன்சலில் கார்டின் பெயரையோ சப்நெட்டையோ சொல்லி முகவரியை எடுக்கிற டெம்ப்ளேட் வசதியும் உண்டு, எல்லா நோடுக்கும் ஒரே கான்ஃபிக்கை அனுப்ப அது கைகொடுக்கும்.

10.0.2.15 என்கிற பேய்

கண்டெய்னர்களைப் பல மெஷினில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸை வீட்டில் கற்றுக்கொள்ள வேக்ரன்ட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் வைத்து மூன்று விஎம் போட்டவர்களுக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு விஎம்மின் முதல் கார்டையும் நேட்டில் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்பும் ஏற்பாடு) போட்டு 10.0.2.15 என்ற முகவரியைக் கொடுக்கிறது. ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி நேட் என்பதால் மூன்றுக்கும் அதே முகவரி. இன்டர்நெட்டுக்குப் போகிற டிஃபால்ட் ரூட்டும் அந்தக் கார்டில்தான். நோடுகள் ஒன்றோடு ஒன்று பேசுவதோ இரண்டாவது கார்டில், 192.168.56 என்று தொடங்கும் முகவரியில்.

இப்போது ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபர்னெட்டீஸின் ஆளான கியூப்லெட் முகவரியைத் தேடுகிறது, டிஃபால்ட் ரூட்டைப் பார்க்கிறது, 10.0.2.15 என்று பதிவு செய்கிறது. நோடுகளுக்கு இடையே நெட்வொர்க் போடும் ஃப்ளானலும் அப்படியே. மூன்று நோடும் ரெடி என்றுதான் காட்டும், ஏனென்றால் ஏபிஐ சர்வருக்கு அவை போகிற வழி நன்றாகத்தான் இருக்கிறது. பாடுகளும் (குபர்னெட்டீஸ் ஓட்டும் கண்டெய்னர் தொகுப்புகள்) ஓடும். ஒரு நோடில் உள்ள பாடிலிருந்து இன்னொரு நோடில் உள்ள பாடுக்குப் பேசினால் மட்டும் சுவரில் முட்டிக்கொள்ளும், கியூப்சிடிஎல் லாக்ஸ் அடித்தால் கண்டபடி பிழை வரும்.

கண்டுபிடிக்க: "கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ் -ஓ வைட்". இன்டர்னல்-ஐபி என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே எண் இருந்தால் இதுதான் நோய். சரி செய்ய: ஒவ்வொரு நோடிலும் கியூப்லெட்டுக்கு நோட்-ஐபி கொடுங்கள். கியூப்அட்மின் வழியாகப் போட்டிருந்தால் டெபியன் வகையில் ஈடிசி டிஃபால்ட் கியூப்லெட் ஃபைலில் எக்ஸ்ட்ரா ஆர்க்ஸ் வரியில் போடலாம். கன்ட்ரோல் நோடில் இனிட் செய்யும்போதே ஏபிஐசர்வர்-அட்வர்டைஸ்-அட்ரஸ் கொடுத்துவிடுங்கள். ஃப்ளானலில் ஐஃபேஸ் என்று கார்டின் பெயரைச் சொல்லுங்கள். கே3எஸ் என்றால் நோட்-ஐபி-யும் ஃப்ளானல்-ஐஃபேஸும், அவ்வளவுதான்.

ஃப்ளானல் மாதிரியே நெட்வொர்க் போடும் கலிகோவுக்கு இதற்கென்றே ஆட்டோடிடெக்ஷன் மெத்தட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இயல்பு ஃபர்ஸ்ட்-ஃபவுண்ட், அதாவது கண்ணில் பட்ட முதல் நல்ல கார்டு. பல கார்டு உள்ள சர்வரில் இது லாட்டரி. மாற்றாக கேன்-ரீச் இருக்கிறது, ஒரு முகவரியைச் சொன்னால் அதை நோக்கிப் போகும் எஸ்ஆர்சி-யை எடுக்கும், நாம் மேலே கையால் செய்ததையே அது செய்கிறது. இன்டர்ஃபேஸ் என்று கார்டின் பெயரைப் பேட்டர்னாகக் கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது சிஐடிஆர்: "192.168.56.0/24-க்குள் இருக்கும் முகவரியை எடு" என்று சொல்லிவிட்டால், கார்டின் பெயர் ஒரு மெஷினில் ஈஎன்பி3எஸ்0 இன்னொன்றில் ஈஎன்எஸ்18 என்று இருந்தாலும் கவலை இல்லை.

எல்லா நோடிலும் ஒரே முகவரி இருந்தால்

முன்பு சொன்ன விதை இங்கே முளைக்கிறது. ஒரு கணக்கைப் பல மெஷினுக்குப் பிரித்து ஓட்டும் ஓப்பன் எம்பிஐ-யில் ஒரு கணக்கீட்டு வேலையை நான்கு நோடில் ஓட்டிக்கொண்டிருந்தோம், மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. ஒரு நாள் யாரோ எல்லா நோடிலும் விஎம் சோதிக்க லிப்விர்ட்டை நிறுவினார்கள். மறுநாளிலிருந்து வேலை தொடங்கும், ப்ராசஸ் எல்லாம் ஏறும், அப்புறம் அசையாது. பிழையும் இல்லை, சாவதும் இல்லை.

நடந்தது இதுதான். ஓப்பன் எம்பிஐ எதிர் நோடின் எல்லா முகவரிகளையும் வாங்கி, தன் எல்லாக் கார்டோடும் ஒப்பிட்டு, எதெதெல்லாம் ஒரே சப்நெட்டோ அதெல்லாம் நேரடி வழி என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் 192.168.122.0 சப்நெட் இருக்கிறது, "ஆஹா, நேர் வழி" என்று நம்பி அங்கே பேசப் போகிறது. போய்ச் சேருவது தன் வீட்டு விர்பிஆர்0-விலேயே.

மருந்து: எம்சிஏ அமைப்பில் பிடிஎல்-டிசிபி-ஐஎஃப்-இன்க்ளூட் என்பதற்கு 192.168.10.0/24 என்று சப்நெட்டையே கொடுங்கள். எக்ஸ்க்ளூட் என்று விர்பிஆர்0-வை மட்டும் ஒதுக்கவும் வழி உண்டு, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸ்க்ளூடுக்கு இயல்பாகவே ஒரு பட்டியல் உண்டு, அதில் லூப்பேக் இருக்கிறது, நீங்கள் எழுதுவது அதோடு சேராது, அதை அழித்துவிட்டு உட்காரும். லூப்பேக்கையும் சேர்த்து எழுதாவிட்டால் பழைய பேய் போய்ப் புதுப் பேய் வரும். இன்க்ளூடே நல்லது.

ஜிபியு கிளஸ்டரில் நோடுகளைப் பேச வைக்கும் என்சிசிஎல் நூலகத்தை ஓட்டுபவர்கள் கார்டின் பெயரை என்சிசிஎல் சாக்கெட் ஐஎஃப்நேமில் சொல்லலாம், க்ளூ நூலகம் என்றால் க்ளூ சாக்கெட் ஐஎஃப்நேமில். ஸ்பார்க் கொஞ்சம் புத்திசாலி, பெயர் லூப்பேக்குக்குப் போகிறது என்று தெரிந்தால் எச்சரித்துவிட்டு வேறொரு கார்டின் முகவரியை எடுத்துக்கொள்ளும், ஸ்பார்க் லோக்கல் ஐபி-யை அமைத்துக்கொள் என்றும் சொல்லும். அது எடுத்தது சரியான கார்டுதானா என்று அந்த எச்சரிக்கை வரியைப் படித்துப் பாருங்கள், மேலோட்டமாகத் தள்ளிவிடாதீர்கள். விஎம்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸில் நோடின் பெயர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் உண்மையான ஐபி-க்குப் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதன் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டமே ஏறாது. அங்கே 127.0.1.1 வரியை எடுத்துவிட்டு நிலையான முகவரியை எழுதுவதுதான் முதல் வேலை.

இதே வகையில் இன்னொன்று: க்ளோன் செய்த விஎம்கள். மேக் முகவரி (கார்டின் வன்பொருள் எண்) வேறு, பெயர் வேறு, ஆனாலும் ஐபி பகிர்ந்து தரும் டிஹெச்சிபி இரண்டுக்கும் ஒரே ஐபி-யைக் கொடுக்கிறது, எஸ்எஸ்எச் செய்தால் ஒரு நேரம் ஒன்றிலும் இன்னொரு நேரம் மற்றொன்றிலும் போய் விழுகிறது. உபுண்டு சர்வரில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி டிஹெச்சிபி-யிடம் தன்னை அறிமுகப்படுத்துவது மேக் முகவரியால் அல்ல, ஈடிசி-யில் உள்ள மெஷின்-ஐடி-யிலிருந்து பிறந்த ஓர் அடையாளத்தால். க்ளோனில் அந்த ஃபைலும் அப்படியே வந்துவிடும். டெம்ப்ளேட் எடுப்பதற்கு முன் அந்த ஃபைலைக் காலியாக்கிவிடுங்கள் (அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும்), அடுத்த பூட்டில் புதிதாக உருவாகும். அல்லது நெட்ப்ளானில் டிஹெச்சிபி-ஐடென்டிஃபையரை மேக் என்று மாற்றுங்கள்.

மற்ற நோடுகளைத் தேடுவது

"ஐபி நெய்" அடித்தால் சமீபத்தில் இந்த மெஷின் யாரோடெல்லாம் பேசியது என்று ஐபி-யும் மேக்கும் ஜோடியாக வரும். பேசாதவர்கள் வரமாட்டார்கள். முழு சப்நெட்டையும் தேட "என்மேப் -எஸ்என் 192.168.10.0/24", சூடோ போட்டு. சூடோ முக்கியம், ஏனென்றால் ரூட் உரிமை இருந்தால் உள்ளூர் நெட்வொர்க்கில் அது ஏஆர்பி-யில் ("இந்த ஐபி யாருடையது" என்று மேக்கைக் கேட்கும் முறை) கேட்கும், பிங்கைத் தடுத்து வைத்திருக்கும் மெஷினும் ஏஆர்பி-க்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சூடோ இல்லாமல் ஓடினால் 80, 443 போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பல மெஷின்களை இல்லை என்றே சொல்லிவிடும். அலுவலக நெட்வொர்க்கில் இதை ஓட்டுவதற்கு முன் உங்கள் செக்யூரிட்டி ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வந்து சொல்வார்கள்.

ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னப் பெட்டிகளுக்கு, உள்ளூரில் பெயரைத் தேடித் தரும் அவாஹி போதும், பெயருக்குப் பின்னால் டாட் லோக்கல் போட்டு பிங் செய்தால் ஐபி வந்துவிடும். அது 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் 5353 போர்ட்டில் ஓடுவது, ரூட்டரைத் தாண்டாது, க்ளவுட் நெட்வொர்க்கில் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. குபர்னெட்டீஸுக்குள் இதெல்லாம் எதுவும் வேண்டாம். கிளஸ்டர் ஐபி நன் என்று கொடுத்து ஹெட்லெஸ் சர்வீஸ் ஒன்று போட்டால், டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டதும் பாடுகளின் ஐபி-கள் எல்லாம் வரும். பாடுக்குத் தன் சொந்த ஐபி வேண்டுமென்றால் ஸ்டேட்டஸ் டாட் பாட்ஐபி-யை என்விரான்மென்ட் வேரியபிளாக இறக்கிக்கொள்ளலாம், நோடின் முகவரிக்கு ஸ்டேட்டஸ் டாட் ஹோஸ்ட்ஐபி. உள்ளே ஸ்க்ரிப்ட் எழுதித் தேடுவதைவிட இது நூறு மடங்கு நல்லது.

வெளியே தெரியும் முகவரி

க்ளவுட் விஎம்மில் "ஐபி -பிஆர் ஏ" அடித்துப் பப்ளிக் ஐபி-யைத் தேடாதீர்கள், பெரும்பாலும் அங்கே இருக்காது. ஏடபிள்யூஎஸ்ஸில் பப்ளிக் ஐபிவி4 என்பது வெளியே நடக்கும் நேட், விஎம்முக்கே அது தெரியாது. 169.254.169.254-இல் உள்ள மெட்டாடேட்டா சர்வீஸிடம் கேட்க வேண்டும், புதிய முறையில் முதலில் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு. வீட்டு நெட்வொர்க்கிலோ தனி சர்வரிலோ என்றால் வெளியே உள்ள யாராவதுதான் நம் முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியும். ஸ்டன் நெறிமுறை செய்வது அதைத்தான், 2003-இல் முதலில் ஆர்எஃப்சி ஆக வந்தது, வெப்ஆர்டிசி அழைப்புகளுக்குப் பின்னால் இன்றும் அது இருக்கிறது.

வீட்டு ரூட்டரின் வான் பக்கத்தில் 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் ஏதாவது முகவரி இருந்தால் நீங்கள் சிஜி-நேட்டுக்கு (இணைய நிறுவனமே பலருக்கும் சேர்த்துச் செய்யும் நேட்) பின்னால் இருக்கிறீர்கள், போர்ட் ஃபார்வர்ட் எவ்வளவு செய்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இந்த வரம்பை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். டெயில்ஸ்கேல் விபிஎன்னும் இதே வரம்பிலிருந்துதான் முகவரி கொடுக்கிறது, அதனால் சர்வரில் 100 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்ததும் பதறாமல் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த இடத்தில் வயர்கார்டின் நேர்த்தி எனக்குப் பிடிக்கும். நோடு தன் வெளி முகவரியைக் கண்டுபிடிக்கவே முயற்சி செய்வதில்லை. சாவி சரியாக இருக்கும் பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதையே எதிராளியின் எண்ட்பாயின்ட் என்று மறுபக்கம் குறித்துக்கொள்கிறது. லேப்டாப் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அடுத்த பாக்கெட்டிலேயே புது முகவரி பதிவாகிவிடும். ஒரு பக்கமாவது நிலையான முகவரியோடு இருந்தால் போதும். "டபிள்யூஜி ஷோ ஆல் எண்ட்பாயின்ட்ஸ்" என்று அடித்தால் இப்போது யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று தெரியும்.

எல்லாம் எழுதிய பிறகு

"எஸ்எஸ் -எல்டிஎன்பி" அடித்து எந்த ப்ராசஸ் எந்த முகவரியில் உண்மையில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1-இல் மட்டும் திறந்திருந்தால் அட்வர்டைஸில் என்ன எழுதியும் பயனில்லை. அப்புறம் ஒவ்வொரு நோடிலும் மற்ற நோடுகளின் முகவரிக்கு ஐபி ரூட் கெட் அடித்து, வரும் எஸ்ஆர்சி-யையும் கிளஸ்டரின் உறுப்பினர் பட்டியல் காட்டுவதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், மூன்று நோடுக்கு ஆறு தடவை. இன்னும் சந்தேகம் என்றால் "டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 7946" (ஸ்வார்ம் என்றால், கன்சலுக்கு 8301) ஓடவிட்டு, வருகிற பாக்கெட்டின் முகவரியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக எல்லா நோடையும் ஒரே நேரத்தில் ரீபூட் செய்து பாருங்கள், இதை யாரும் செய்வதில்லை. கையால் ஏற்றியபோது சரியாக எடுத்த சர்வீஸ், பூட்டில் டிஹெச்சிபி முகவரி வருவதற்கு முன்பே எழுந்து, அப்போது கையில் இருந்த டாக்கர்0-வையோ லூப்பேக்கையோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யூனிட் ஃபைலில் நெட்வொர்க் டார்கெட் என்று இருந்தால் போதாது, நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் வேண்டும், ஆஃப்டர் வரியில் ஒன்று, வான்ட்ஸ் வரியில் ஒன்று. ஆஃப்டர் மட்டும் போட்டால், வேறு எதுவும் அந்த டார்கெட்டை இழுத்து வராத மெஷினில், யாருக்காகவும் காத்திருக்காது.